பாஸ்தாவுக்கு பதிலா என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ப்ரீடயாபடீஸ் (சுகர் வர்றதுக்கு முந்தின நிலை) பத்தி எழுதினப்போ "வாரக் கடைசி பாஸ்தாவ கொஞ்சம் குறைங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்கதான் இந்த மாசம் முழுக்க. ஆச்சரியம் இல்ல. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரும் சென்னைல இருக்கற சுகர் ஆராய்ச்சி நிறுவனமான எம்டிஆர்எஃப்பும் சேர்ந்து நடத்தின ஆய்வு 2023ல வெளியாச்சு, அதுல நம்ம நாட்டுல சுகர் இருக்கறவங்க 10.1 கோடி, ப்ரீடயாபடீஸ்ல இருக்கறவங்க 13.6 கோடின்னு சொல்லியிருந்தாங்க. இன்னிக்கு நிறைய வீட்டு சமையக்கட்டுல ஒருத்தருக்காவது தனியா யோசிச்சு சமைக்க வேண்டியிருக்கு. வந்ததுல முக்கியமான கேள்விங்கள மட்டும் எடுத்துருக்கேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) 6.3 வந்திருக்கு, டாக்டர் கார்ப் (மாவுச்சத்து) குறைக்க சொல்லிட்டார். ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரின்னா எங்க வீட்ல பாஸ்தாதான், பொண்ணு விடமாட்டா. அதுக்காக ஷிராட்டக்கி நூடுல்ஸ் ஆன்லைன்ல வாங்கினேன், பிரிச்சதுமே மீன் கழுவின தண்ணி வாடை. நாங்க சைவம், தொடவே முடியல, தூக்கி போட்டுட்டேன். அது கெட்டுப்போன பாக்கெட்டா? இதை எப்படித்தான் சாப்பிடறாங்க? (வாசகி, சென்னை)

கெட்டுப்போகலம்மா, அது அப்படித்தான் வரும். ஷிராட்டக்கிய ஜப்பான்ல கொஞ்சாக்னு ஒரு கிழங்கோட மாவுல செய்யறாங்க, நம்ம சேனைக்கிழங்குக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் அது, ரெண்டும் ஒரே பேரினம். அங்க குன்மான்னு ஒரு மாகாணத்துலதான் பெரும்பகுதி விளையுது. அந்த மாவ தண்ணியில கரைச்சு சுண்ணாம்புத் தண்ணி சேர்த்தா கெட்டியா ஜெல்லி மாதிரி ஆகும், அதைத்தான் நூலா இழுத்து திரும்ப அதே சுண்ணாம்புத் தண்ணியில போட்டு பேக் பண்றாங்க. நீங்க மோந்த வாடை அந்த மாவோடதும் அந்த தண்ணியோடதும். மீன் எதுவும் அதுல கிடையாது, சைவம்தான், பயப்படாதீங்க. ஒரே ஒரு விஷயம், சில பிராண்ட்ல வேற ஏதாவது சேர்த்திருப்பாங்க, பின்னாடி உள்ள பட்டியல ஒரு தடவை படிச்சிருங்க.

இப்ப செய்முறைக்கு வர்றேன், இதுல அவசரமே படக்கூடாது. பாக்கெட் தண்ணிய முழுசா கொட்டிட்டு வடிதட்டுல போட்டு குழாய்க்கு அடியில ரெண்டு மூணு நிமிஷம் கையால அலசி அலசி கழுவுங்க. அப்புறம் கொதிக்கிற தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சை சாறோ விட்டு 2, 3 நிமிஷம் கொதிக்க விட்டு வடிச்சிருங்க, புளிப்பு பட்டதும் அந்த வாடை அடங்கிடும். இதோட நிறைய பேர் நிறுத்திடறாங்க, அடுத்த ஸ்டெப்தான் உண்மையில முக்கியம்: எண்ணெயே இல்லாம காஞ்ச வாணலியில போட்டு பெரட்டிட்டே இருக்கணும். முதல்ல ஆவி நல்லா மேல வரும், அப்புறம் நூடுல்ஸ் வாணலியில ஒட்டற மாதிரி "கீச் கீச்"னு ஒரு சத்தம் கேக்க ஆரம்பிக்கும், மேல இருந்த பளபளப்பு போய் கொஞ்சம் மங்கலா தெரியும். அந்த சத்தம் வந்ததும் இறக்கலாம். கத்திரிக்கோலால நாலு இடத்துல வெட்டி விடுங்க, ஏன்னா இந்த நூல் பல்லுல சுலபமா அறுபடாது, பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் தொண்டையில சிக்கக்கூடாது.

இன்னொன்னு தெரிஞ்சுக்கணும். இதுல கிட்டத்தட்ட 97 சதவீதம் தண்ணி, மிச்சம் 3 சதவீதம் குளுக்கோமன்னன்ங்கிற நார்ச்சத்து, அதனாலதான் 100 கிராமுக்கு 10 கலோரி கிட்ட மட்டும் வருது, சுகரும் ஏறாது. ஆனா புரோட்டீன் சுத்தமா இல்ல, சத்தும் இல்ல. சாஸையும் உறிஞ்சாது. பாஸ்தால ஸ்டார்ச் இருக்கறதால சாஸ் ஒட்டும், இதுல வழுக்கிட்டு கீழ போயிடும். அதனால தக்காளி சாஸ தண்ணியா ஊத்தினா தட்டுல ஒரு பக்கம் சாஸ், ஒரு பக்கம் நூலுன்னு நிக்கும். சாஸ நல்லா சுண்ட வச்சு, சீஸோ வேர்க்கடலை அரைச்சதோ பாதாம் சேர்த்த பெஸ்டோவோ, ஏதோ ஒரு கொழுப்பான கெட்டியான சமாச்சாரம் இருக்கணும். அதோட பன்னீர், காளான், பட்டாணி கொஞ்சம். பொண்ணுக்கு சாதா பாஸ்தாவே போடுங்க, அவளுக்கு இது தேவையில்ல.

உண்மைய சொல்லணும்னா இது இத்தாலியன் சாஸை விட சோயா சாஸ், பூண்டு, எள்ளெண்ணெய் போட்டு வதக்கற முறைக்குத்தான் ரொம்ப பொருந்தும், அது பொறந்த ஊர் சமையல் அப்படி. பாஸ்தா மாதிரியே இருக்கும்னு எதிர்பார்த்து வாயில வச்சா ஏமாற்றம்தான், அதனால வேற ஒரு சாப்பாடுன்னு நினைச்சு முதல் வாட்டி செய்ங்க.

கேள்வி: சுக்கினிய (வெள்ளரி மாதிரி இருக்கற காய்) ஸ்பைரலைசர்ல சுத்தி நூடுல்ஸ் மாதிரி செஞ்சேன், வீடியோல அழகா வருது, எனக்கு தட்டு முழுக்க தண்ணி. என்ன செய்யணும்? இங்க சுக்கினி விலையும் ஜாஸ்தி, வேற காய் ஏதாவது உண்டா? (வாசகி, கோவை)

சுக்கினியில 95 சதவீதம் தண்ணிங்க, சூடு பட்டா அது வெளிய வரத்தான் செய்யும், நாம முன்னாடியே வெளியேத்திடணும். நடுவுல இருக்கற விதைப்பகுதிய நூலாக்காதீங்க, அதுதான் முதல்ல குழையும். சுத்தின நூல்ல அரை ஸ்பூன் உப்பு தூவி வடிதட்டுல 20 நிமிஷம் விட்டுட்டு, வேட்டித் துணியில கட்டி மெதுவா பிழியுங்க, எவ்ளோ தண்ணி வருதுன்னு பாத்தா உங்களுக்கே நம்ப முடியாது. அப்புறம் அகலமான வாணலி, நல்ல தீ, கொஞ்சமா ஆலிவ் ஆயில், ஒரு நிமிஷத்துல இருந்து ஒன்றரை நிமிஷம், அவ்ளோதான். மூடி போடவே கூடாது. சாஸுல போட்டு கொதிக்க விடாதீங்க, தட்டுல வச்சிட்டு சாஸ மேல ஊத்தி உடனே சாப்பிடணும். உப்பு ஏற்கனவே ஏறியிருக்கும், அதனால சாஸுல உப்ப குறைச்சுக்குங்க.

விலைக்கு மாத்துன்னா எனக்கு ரொம்ப பிடிச்சது முட்டைக்கோஸ். சிரிக்காதீங்க, பாதி கோஸ எடுத்து நடுத்தண்ட நீக்கிட்டு, இலைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சுண்டு விரல் அகலத்துக்கு நீளநீளமா வெட்டி, உப்பு போட்ட கொதிநீர்ல ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து உதறி, வெண்ணெய்ல மிளகோட ஓரம் லேசா செவக்கற வரைக்கும் வதக்குங்க. இத்தாலியில அகல நாடா மாதிரி டாலியட்டெல்லேன்னு ஒரு பாஸ்தா இருக்கே, அந்த அகலம் வரும், கீமா சாஸும் காளான் சாஸும் இதுல நல்லா பிடிக்கும். சௌசௌவும் நல்லா வரும், சுக்கினிய விட கடினமா இருக்கறதால குழையாது, 100 கிராமுக்கு கார்ப் 4, 5 கிராம்தான். சுரைக்காயும் ஓகே, பிஞ்சா பாத்து வாங்குங்க. ஆனா சுரைக்காயோ சுக்கினியோ, வெட்டினதும் பச்சையா ஒரு சின்ன துண்ட நாக்குல வச்சு பாருங்க, கசந்தா அந்த காய முழுசா குப்பையில போடுங்க, மனசு வராதுன்னு வேகவச்சு சாப்பிடாதீங்க. அந்த கசப்பு குக்குர்பிட்டாசின்ங்கிற நஞ்சு, வேகவச்சா போகாது, கடுமையான வாந்தி வயித்துப்போக்கு வரைக்கும் கொண்டுபோகும். கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சு நம்ம நாட்டுல உயிர் போயிருக்கு.

கேரட் நூடுல்ஸும் சிலர் செய்யறாங்க, அதுல 100 கிராமுக்கு கார்ப் 9, 10 கிராம் வரும், அப்பவும் பாஸ்தாவ விட ரொம்ப கம்மிதான்.

கேள்வி: என் பையன் கேழ்வரகு பாஸ்தா, தினை நூடுல்ஸ் எல்லாம் லோ கார்ப்னு சொல்லி வாங்கிட்டு வர்றான். அப்புறம் கண்ணாடி மாதிரி இருக்கற நூடுல்ஸ், அதுவும் டயட் நூடுல்ஸ்னு கடைக்காரர் சொல்றாராம். சரியா? (வாசகர், சேலம்)

ரெண்டுமே லோ கார்ப் இல்லங்கய்யா. இந்த கேள்விய நீங்க கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு, ஏன்னா இந்த ஒரு குழப்பத்துல சுகர் ஏறி தவிக்கறவங்க நிறைய.

கோதுமை ரவையில செஞ்ச சாதா பாஸ்தா, வேகவைக்காதது, 100 கிராம்ல கார்ப் 75 கிராம் கிட்ட இருக்கும். கேழ்வரகு, தினை இதெல்லாம் 60க்கும் 70க்கும் நடுவுல. நார்ச்சத்து கூட, கேழ்வரகுல கால்சியம் அருமையா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா சுகர் கணக்குல பெரிய வித்தியாசம் இல்ல. அதுவும் போக பாக்கெட் முன்னாடி தினைக்கதிர் படம் போட்டிருக்கும், பின்னாடி திருப்பி பாத்தா முதல் பேரே கோதுமை மாவு இல்லன்னா மைதா. நம்ம நாட்டு விதிப்படி எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், அதனால அந்த முதல் பேர படிச்சாலே பாதி உண்மை தெரிஞ்சிரும்.

கண்ணாடி நூடுல்ஸ் பாக்க ஷிராட்டக்கி மாதிரியே இருக்கறதால மாத்தி எடுத்துடறாங்க. அது பாசிப்பயறு ஸ்டார்ச். பயறுன்னதும் புரோட்டீன்னு நினைச்சுக்காதீங்க, பயறுல இருக்கற புரோட்டீன எல்லாம் எடுத்துட்டு வெறும் மாவுச்சத்த மட்டும் நூலாக்கினது, 100 கிராமுக்கு கார்ப் 85 வரைக்கும் போகும், அதாவது பாஸ்தாவ விடவும் ஜாஸ்தி. அடையாளம் கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு, காஞ்சு மொறமொறன்னு இருந்தா பெரும்பாலும் கண்ணாடி நூடுல்ஸ், தண்ணியில மிதந்துட்டு கொழகொழன்னு இருந்தா ஷிராட்டக்கி. கொஞ்சாக்ல காயவச்சதும் கிடைக்குது, அதனால கடைசியில பேர படிச்சுத்தான் ஆகணும்.

கொண்டைக்கடலை பாஸ்தாவும் இப்ப நிறைய வருது, அது நடுத்தரம். 100 கிராம்ல கார்ப் 60 கிட்ட இருந்தாலும் புரோட்டீன் 20 கிராம் போல கிடைக்கும், பசி தாங்கும். லோ கார்ப்னு சொல்ல முடியாது, ஆனா சாதா பாஸ்தாவுக்கு நல்ல மாத்து.

வெளிநாட்டு பாக்கெட்ல இன்னொரு சிக்கல். அமெரிக்கா, கனடா லேபிள்ல கார்ப்னு போட்டிருக்கற நம்பர்ல நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும், அதை கழிச்சாத்தான் உடம்பு எடுத்துக்கற கார்ப் தெரியும். பிரிட்டன், ஐரோப்பா லேபிள்ல நார்ச்சத்த ஏற்கனவே தனியா எடுத்துட்டுதான் போடுவாங்க, அதுல திரும்பவும் கழிச்சா கணக்கு தப்பாயிடும். சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு வகையும் ஒரே ஷெல்ஃப்ல இருக்கும், எந்த நாட்டுல இருந்து வந்ததுன்னு பாத்துட்டு கணக்கு போடச் சொல்லுங்க பையன்கிட்ட.

அதே மாதிரி "டேஸ்ட் அப்படியே பாஸ்தா, ஆனா கார்ப் செரிக்காது"ன்னு யாராவது விளம்பரம் பண்ணா உடனே நம்பாதீங்க. அமெரிக்கால ட்ரீம்ஃபீல்ட்ஸ்னு ஒரு பாஸ்தா, ஒரு தடவை சாப்பிட்டா உடம்புல சேர்ற கார்ப் 5 கிராம்தான்னு வருஷக்கணக்கா சொல்லி வித்தாங்க, வாங்கினவங்க கேஸ் போட்டு 2014ல 79 லட்சம் டாலருக்கு செட்டில்மென்ட் ஆச்சு. சுகர் இருக்கறவங்க நம்பிக்கைய வச்சு வியாபாரம் பண்றது எவ்ளோ பெரிய அநியாயம், நினைச்சாலே எனக்கு கோவம் வருது.

கேள்வி: வணக்கம் அக்கா, நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். இங்க பாம் நூடுல்ஸ், எடமாமே ஸ்பகெட்டி எண்டு எல்லாம் கடையில கிடக்குது. எனக்கு சுகர், அவருக்கு இல்ல. இறைச்சி சோஸோட சாப்பிட எது நல்லம் எண்டு சொல்லுங்கோ. பாம் நூடுல்ஸ் ஒருக்கா வாங்கினனான், ஒரே புளிப்பு. (வாசகி, கனடா)

இறைச்சி சாஸுக்கு நான் பாம் நூடுல்ஸத்தான் சொல்லுவேன், அந்த புளிப்பை சரி பண்ணிட்டா போதும். அது பாம் மரத்தோட குருத்து, தென்னை விழுந்தா உள்ள இருந்து வெள்ளையா ஒரு குருத்து எடுத்து சாப்பிடுவோமே அந்த இனம்தான், எக்வடார், கோஸ்டா ரிக்கா பக்கம் இதுக்குன்னே பயிர் பண்றாங்க. கெடாம இருக்க சிட்ரிக் அமிலத் தண்ணியில போட்டு அடைக்கறதாலதான் புளிப்பு. நல்லா அலசிட்டு அரை மணி நேரம் பாலுல ஊற வச்சு திரும்ப கழுவுங்க, புளிப்பு நிறையவே குறைஞ்சிடும். இதுல பெரிய வசதி என்னன்னா சுக்கினி மாதிரி குழையாது, இறைச்சி சாஸுலயே போட்டு 15, 20 நிமிஷம் சின்னத் தீயில விடலாம், விட விட மெத்துன்னு ஆகி சாஸும் உள்ள இறங்கும். தக்காளியோட புளிப்பும் இதோட புளிப்பும் சேரும்ங்கறதால தக்காளிய கொஞ்சம் குறைச்சு வெங்காயத்த நல்லா வதக்கி போடுங்க.

எடமாமே ஸ்பகெட்டி, அதாவது பச்சை சோயாவுல செஞ்சது, அதுல 100 கிராமுக்கு புரோட்டீனே 40 கிராமுக்கு மேல வரும், நார்ச்சத்தும் ஜாஸ்தி, சாப்பிட்டா நாலஞ்சு மணி நேரம் பசிக்காது. ஆனா வாய்க்கு கொஞ்சம் ரப்பர் மாதிரியும் பருப்பு வாசனையாவும் இருக்கும், இறைச்சி சாஸோட சேர்ந்தா ரொம்ப கனமாயிடும். பூண்டு, எள்ளு, வத்தல் மிளகாய், எலுமிச்சை போட்டு லேசா செய்ங்க. பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே எடுத்து ஒரு இழைய கடிச்சு பாருங்க. முதல் தடவை கொஞ்சமா சாப்பிடுங்க, பழக்கம் இல்லாத வயித்துக்கு காத்து பிடிக்கும்.

கெல்ப் நூடுல்ஸ்னு கடல்பாசியில செஞ்சதும் அங்க கிடைக்கும், நறுக் நறுக்குனு இருக்கும், சாலட்டுக்கு ஓகே, சூடான சாஸுக்கு வேண்டாம். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் மட்டும் விட்டுடாதீங்க, உங்க ஊர்ல இலையுதிர் காலத்துல மலிவா கிடைக்குமே. குறுக்கால வட்டமா வெட்டி அவன்ல வச்சு முள்கரண்டியால சுரண்டினா நீளநீளமா நூல் வரும், நெடுக்கா வெட்டினா நூல் சின்னதாயிடும்.

கேள்வி: பாஸ்தாவ வேகவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு சூடு பண்ணா சுகர் ஏறாதாமே? (வாசகர், திருச்சி)

ஏறும், கொஞ்சம் கம்மியா ஏறலாம். ஆறினதும் ஒரு பகுதி ஸ்டார்ச் செரிக்காத வகையா மாறுது, அது உண்மை, ஆனா அந்த அளவு சின்னது. அதை நம்பி ரெண்டு தட்டு சாப்பிட முடியாது. அதைவிட பலன் தர்றது குழைய விடாம நடுவுல லேசா கடிபடற பதத்துல எடுக்கறது. பாஸ்தா செய்யற டூரம் கோதுமைல புரோட்டீன் வலை மாதிரி ஸ்டார்ச்ச பிடிச்சு வச்சிருக்கறதால பாஸ்தாவோட கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஒரு சாப்பாடு எவ்ளோ வேகமா சுகர ஏத்தும்ங்கற அளவு) 50 பக்கம்தான், வெள்ளை பிரட்டு 75 வரைக்கும் போகும். குழைய விட்டா அந்த நல்லதும் போச்சு.

என்னோட கருத்த கேட்டா, நிறைய வீட்டுக்கு ஒத்து வர்ற வழி பாதிக்கு பாதி. காஞ்ச பாஸ்தா ஆளுக்கு 30 கிராம் மட்டும் வேகவச்சு, அதோட அதே அளவு தெரியற மாதிரி சுக்கினியோ கோஸோ கலந்து, முட்டையோ பன்னீரோ சிக்கனோ தாராளமா போடுங்க. 30 கிராம்னா கார்ப் 22 கிராம் கிட்டதான் வருது. காயையும் புரோட்டீனையும் முதல்ல சாப்பிட்டுட்டு பாஸ்தாவ கடைசியா சாப்பிட்டா சுகர் ஏறற வேகமும் குறையும். கூடவே ஒயிட் சாஸ பாருங்க, பாஸ்தாவ கஷ்டப்பட்டு மாத்திட்டு சாஸுல ரெண்டு பெரிய ஸ்பூன் மைதா போட்டா அதுலயே 12 கிராமுக்கு மேல கார்ப் வந்துடுது. வேகவச்ச காலிஃபிளவர பாலும் பூண்டும் சேர்த்து மிக்ஸில அரைச்சா அதே வெள்ளை, அதே கெட்டி. பாட்டில் பாஸ்தா சாஸுலயும் சர்க்கரை இருக்கானு படிச்சு வாங்குங்க.

கேள்வி: எனக்கு 58 வயசு, 14 வருஷமா சுகர், மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் உண்டு. ஷிராட்டக்கி சாப்பிட்டு சோறு, இட்லி எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திடலாம்னு இருக்கேன். செய்யலாமா? (வாசகர், மதுரை)

தயவு செஞ்சு டாக்டர்கிட்ட பேசாம ஆரம்பிக்காதீங்க சார். உங்க இன்சுலின் அளவு நீங்க இப்ப சாப்பிடற சோத்துக்கும் இட்லிக்கும் ஏத்த மாதிரி எழுதினது. சாப்பாட்டுல கார்ப் திடீர்னு இல்லாம போய் மருந்து மட்டும் அதே அளவுல போனா லோ சுகர் ஆயிடும், ராத்திரி தூக்கத்துல ஆச்சுன்னா ரொம்ப ஆபத்து. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைக்கும் இதே பயம் உண்டு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கறீங்கன்னா அது வேற பிரச்சனை, கார்ப் ரொம்ப குறைஞ்சா ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் கூடி கீட்டோஅசிடோசிஸ்ங்கற ஆபத்தான நிலை வரலாம், அதுல சுகர் நம்பர் பெருசா ஏறாமலே இருக்கறதால லேட்டாத்தான் கண்டுபிடிப்பாங்க. வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா உடனே ஆஸ்பத்திரி போகணும்.

14 வருஷ சுகர்ங்கறதால இன்னொன்னும் கேக்கறேன், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்ச மாதிரி, சாப்பிட்டது அப்படியே நிக்கற மாதிரி இருக்கா? சுகர்ல நரம்பு பாதிச்சு இரைப்பை மெதுவா வேலை செய்யறவங்களுக்கு கொஞ்சாக் நார் உள்ள தங்கி அடைச்சுக்கலாம், அவங்க இந்தப் பக்கமே வரவேணாம். மத்தவங்களும் நல்லா மென்னு சாப்பிட்டு தண்ணி குடிக்கணும், மாத்திரைய கொஞ்சாக் சாப்பாட்டோட சேர்த்து போடாம குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணும், அந்த நார் மருந்து உறிஞ்சறத தாமதப்படுத்தும். கொஞ்சாக் மாவு காப்ஸ்யூலா வர்றதையும், சின்ன கப்ல வர்ற கொஞ்சாக் ஜெல்லியையும் வீட்ல சேர்க்காதீங்க, தொண்டைய அடைச்சு குழந்தைங்க இறந்ததாலதான் ஐரோப்பால அந்த ஜெல்லிய 2003லயே தடை பண்ணாங்க.

டாக்டர் சரின்னு சொன்னா வாரத்துல ஒரு வேளை மாத்துங்க, சாப்பிடறதுக்கு முன்னாடியும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் குளுக்கோமீட்டர்ல பாத்து எழுதி வைங்க. அந்த நோட்ட பாத்துட்டு அவர் மருந்த குறைக்கட்டும், அதுக்கப்புறம் அடுத்த வேளைய யோசிக்கலாம்.

கேள்வி: இதையெல்லாம் ஆபீஸ் டிபன் பாக்ஸுல எடுத்துட்டு போகலாமா? (வாசகி, பெங்களூரு)

பாம் நூடுல்ஸும் சோயா ஸ்பகெட்டியும் தாராளமா எடுத்துட்டு போங்க, மதியம் வரைக்கும் பதம் மாறாது. கோஸும் ஓகே. சுக்கினி மட்டும் வேண்டாம், பாக்ஸ் திறக்கும்போது அடியில தண்ணி தேங்கி நிக்கும். ஷிராட்டக்கிய வறுத்து ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், ஃப்ரீசர்ல மட்டும் வச்சிடாதீங்க, உறைஞ்சா உள்ள இருக்கற தண்ணியெல்லாம் பிரிஞ்சு ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிடும், அப்புறம் என்ன செஞ்சாலும் பழைய பதம் வராது. சாஸ தனி டப்பால வச்சுக்குங்க, சாப்பிடறப்ப கலந்துக்கலாம்.